கங்காணி கோட்டிலிருந்து கல்யாணக் கோட் வரை

இலங்கைப் பெருந்தோட்டங்களின் பழைய புகைப்படங்களில் கோட் அணிந்த தமிழர் ஒருவரை அடிக்கடி காணலாம். வெள்ளை வேட்டி, அதன் மேல் கறுப்புக் கோட், பெரிய தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பூண் போட்ட தடி. அவர் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணி. அவருக்குப் பின்னால் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பவர்களின் உடம்பில் கோட் இருக்காது. அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கல்யாண மண்டபங்களில், பளபளக்கும் சாட்டின் காலர் வைத்த கறுப்புக் கோட்டும் போ டையுமாக வரவேற்பு மேடையில் நிற்கிறார்கள்.

நாகரிகம் மாறிவிட்டது என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. தோட்டத்தில் உடுப்பு ஒருவரின் படிநிலையைச் சொன்ன காலம் நீண்டது. யார் கோட் போடலாம், யார் துண்டைத் தோளில் போடலாம், யார் குடை பிடித்து நடக்கலாம் என்பதற்கெல்லாம் எழுதப்படாத சட்டம் இருந்தது. மாப்பிள்ளையின் கோட் அந்தச் சட்டத்தைத் தாண்டி வந்த உடுப்பு. அது வந்த பாதையில் இந்தத் தோட்டத் தமிழர்களின் சம்பளம், குடியுரிமை, கலவரம், இடப்பெயர்வு எல்லாமே இருக்கின்றன.

இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப் போன்றவை அல்ல. இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் கோப்பிக் காலத்திலேயே தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தாழ்ந்த சரிவுகளுக்கு இறப்பர் வந்தது. 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, றுவன்வெல்லை, எஹலியகொடைப் பகுதிகளை நிறைத்தன. களனிவெளியின் குறுகிய பாதைப் புகையிரதம் 1912இல் இரத்தினபுரியை எட்டியது. தேயிலைப் பெட்டியையும் இறப்பர் ஷீட்டையும் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற அதே பாதையில்தான் கொழும்புத் துணியும் கொழும்பு வழக்கமும் மலைக்கு ஏறின.

இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கினால் வயல், வயலைத் தாண்டினால் விகாரை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்களின் கல்யாணம் இந்த அயலின் நிறத்தையும் ஏற்றது.

அன்றாட உடுப்பு என்று பார்த்தால், ஆணுக்கு முழங்கால் வரை கட்டிய வேட்டி, மேலே கம்பளி. அந்தக் கம்பளியும் தோட்டம் கொடுத்து, விலையைக் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட பொருள். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் துணியில் சிந்தும் பால் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சோப்பாலும் போகாது. ஆகவே கறையில்லாத வெள்ளை வேட்டி ஒன்று வீட்டில் தனியாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அது வெளியே வரும்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929இல் தாழ்நிலத் தோட்டங்களில் ஆணின் நாட்சம்பளம் 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். நடுநிலத்தில் 52, 41. சப்ரகமுவத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கின. சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து அந்தச் சம்பளத்தையும் குறைத்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பேரும், அதாவது அன்றைய சம்பளமும், இல்லை. அப்படியான குடும்பத்தில் தைத்த கோட் என்பது நினைப்பிலும் வராத பொருள்.

பெரிய கங்காணியின் நிலை வேறு. தன் ஆட்கள் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு வந்தது. கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஆட்களின் கடன்கணக்கும் அவர் கையில் இருந்தது. தோட்ட நிர்வாகியான துரைக்கும் லயத்துக்கும் நடுவே நின்றவர் இடுப்புக்குக் கீழே ஊர் வேட்டியும், இடுப்புக்கு மேலே துரையின் கோட்டும் அணிந்தார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அப்படியே நின்றார். துரை வரும்போது ஒதுங்கி நின்று, குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்த காலத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். தலைத்துண்டுக்கே அனுமதி வேண்டிய இடத்தில் கோட்டுக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வெளியாட்கள் உள்ளே வரத் தடை இருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரிக்கு மட்டும் வழி கிடைத்தது. தோளில் மூட்டையுடன் வந்து, கடனுக்குச் சேலையும் வேட்டியும் கொடுத்து, சம்பள நாளில் வந்து வாங்கிக்கொள்வார். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் பார்க்கப் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் உள்ளே போனார். 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பூட்டிய கதவுகளைத் திறந்தவற்றுள் துணி மூட்டையும் ஒன்று என்பது இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

அன்றைய கல்யாணம் லயத்து வாசலில் நடந்தது. பச்சை ஓலைப் பந்தல், வாழை, தோரணம். தோட்டத்து டோபி வெளுத்த துணியால் பந்தலுக்கு மேற்கட்டி கட்டுவார். டோபிக்கும் நாவிதருக்கும் உரிய பணத்தைத் தொழிலாளர் சம்பளத்திலிருந்து தோட்ட நிர்வாகமே கழித்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மாப்பிள்ளைக்கு மஞ்சள் நனைத்த அல்லது பட்டுக்கரை போட்ட வேட்டி, தோளில் சால்வை, தாய்மாமன் கட்டிவிடும் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகைதான் அன்றைய நாளின் மகுடம். மறுநாள் பெரட்டுக்கு வெறுந்தலையோடு போகிறவர் அன்று ஒரு நாள் துணியால் முடிசூடினார்.

கோட் முதலில் இறங்கிய இடம் தேவாலயம். ஆங்கிலிக்கன் சபையின் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கித் தோட்டங்களில் பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூட்டங்களையும் நடத்தியது. உபதேசியாரும் பள்ளி ஆசிரியரும் வேட்டிக்கு மேல் கோட் போட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் வெள்ளைச் சேலையும் முக்காடும் அணிந்தபோது, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்குக் கோட் வந்தது. சொந்தமாக இல்லாதவருக்கு யாரோ ஒருவர் இரவல் கொடுத்தார். கங்காணியிடமிருந்து தொழிலாளிக்குக் கோட் வந்து சேர்ந்த வழிகளில் இந்த இரவல் பழையது.

இன்று மாப்பிள்ளைகள் விரும்பித் தேடும் டக்சீடோ என்ற சாட்டின் காலர் கோட்டுக்கும் கேகாலை மாவட்டத்துக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. வால் நீண்ட கோட் இல்லாமல் இரவு விருந்துக்கு வரக் கூடாது என்ற பிரித்தானிய மேட்டுக்குடி வழக்கத்தை உடைத்தவர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட். 1865இல் லண்டனின் ஹென்றி பூல் தையலகம் அவருக்கு வீட்டில் அணியக் குட்டைக் கோட் ஒன்று தைத்தது. 1875இல் இந்தியப் பயணம் புறப்பட்டபோது, செராபிஸ் என்ற கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் கருநீலக் குட்டைக் கோட்டும் கறுப்புப் போ டையும் போதும் என்று அவரே விதி வைத்தார். அதே பயணத்தில் டிசம்பர் மாதம் இலங்கைக்கு வந்தவர், யானைகளைத் தேடி றுவன்வெல்லைக்கும் போனார். பிற்காலத்தில் இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்து நின்ற, கேகாலை மாவட்டத்து அதே றுவன்வெல்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1886இல், நியூயோர்க்குக்கு அருகே டக்சீடோ பார்க் என்ற பணக்காரர் குடியிருப்பின் விருந்தில் இளைஞர்கள் வால் இல்லாத கோட்டுடன் வந்து நின்றதால் அந்த ஊரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். இலங்கையில் அது துரைமாரின் கிளப்புகளுக்குள் இருந்தது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம் என்ற விதி பிற்காலம் வரை தொடர்ந்தது. அங்கே தட்டு ஏந்தி நின்றவர்களுக்கும் வெள்ளைக் கோட் உண்டு. ஆனால் அது வேலைக்காரரின் சீருடை. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த மூடிய வட்டத்தை உடைத்தவை சினிமாவும் ஸ்டூடியோவும். 1950களிலும் 60களிலும் தமிழ்ப் படங்களின் கதாநாயகர்கள் கோட் சூட்டில் பாடினார்கள். சம்பள வாரத்தில் அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இறங்கிப் படம் பார்த்த இளைஞர்கள் அந்த வெட்டையும் காலரையும் கவனித்தார்கள். நகரத்து ஸ்டூடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டும் டையும் எப்போதும் தொங்கின. படம் எடுக்க வருபவர் அதை மாட்டிக்கொள்ளலாம். இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் படத்தில் கீழே வேட்டி இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்! தோட்டத்து ஆண்கள் பலருக்கு உடம்பில் முதன்முதலில் ஏறிய கோட் அந்த ஸ்டூடியோக் கோட்தான்.

அந்தப் படங்களுக்கு இன்னொரு தேவையும் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோப் படிக்கட்டு ஏறினார்கள். கல்யாணமும் இந்தக் கணக்குக்குள் விழுந்தது. பெண் இந்தியப் பட்டியலில், மாப்பிள்ளை இலங்கைப் பட்டியலில் என்றால் பேச்சு முறிந்தது. முறியாத இடத்தில், கப்பலுக்கு முன்பே தாலி ஏறட்டும் என்று அவசரமாக முகூர்த்தம் பார்த்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் போன கப்பலில் ஏறியவர்களின் தகரப் பெட்டிகளுக்குள் கல்யாணப் படங்களும் போயின. நீலகிரியின் கோத்தகிரி போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்களின் சுவர்களில் இலங்கை ஸ்டூடியோக்களின் முத்திரை பதித்த படங்கள் தொங்குவதற்குக் காரணம் இதுவே.

1970களின் முற்பகுதி துணிக்கே பஞ்சமான காலம். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல சூட்டுத் துணி அரிதாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றியது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி புகுந்தது. அப்போது கோட்டைப் பற்றி யோசித்தவர் இல்லை, உள்ள வேட்டி கிழியாமல் இருந்தால் போதும்.

பிறகு கலவரங்கள். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்டங்கள் நேரடியாகத் தாக்கப்பட்டன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. எரிந்தவற்றுள் கூரைப் புடைவையும் பட்டு வேட்டியும் கல்யாண அல்பமும் இருந்தன. இன்று ஒரு சப்ரகமுவக் குடும்பத்திடம் தாத்தாவின் கல்யாணப் படம் இல்லை என்றால், அக்காலத்தில் படம் எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் பொலியெஸ்டர்த் துணி குவிந்தது. தோட்டத்து இளைஞர்கள் கடைச் சிப்பந்திகளாகக் கொழும்புக்குப் போனார்கள். தினமும் துணியோடு பழகினார்கள். 1984இல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அக்காமாரும் தங்கச்சிமாரும் கொழுந்து பறித்தும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்தும், ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்தும் சேர்த்த காசு அண்ணன் தம்பிமாரின் கல்யாணச் செலவுக்குள் போனது. 1980களின் பின்பகுதியில் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர் நியமனம் பெற்றனர். டை கட்டிய முதல் தலைமுறை அது. கோட் அணிந்து மேடையில் நிற்பதைப் பெருமையாகவும் உரிமையாகவும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அயலில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சப்ரகமுவவின் சிங்கள மாப்பிள்ளைகள் பலர் நிலமே உடுப்பு அணிகிறார்கள். இடுப்பில் அடுக்கடுக்காகச் சுற்றிய துணி, பொன்னிழை வேலைப்பாட்டு மேற்சட்டை, நான்கு மூலைத் தொப்பி. கண்டி இராச்சியத்தின் பிரதானிகள் அணிந்த உடுப்பு அது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயப் பெரஹராவில் தேவாலயப் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே இன்றும் அணிந்து நடப்பதும் அதுவே. 1815இல் இராச்சியம் போனது, பிரதானிகளின் அதிகாரமும் பின்னர் தேய்ந்தது. அவர்களின் உடுப்பு மட்டும் சாதாரணக் குடும்பத்து மாப்பிள்ளைக்கு ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. மலாய் மக்களிடம் மணமக்களை ஒருநாள் அரசர் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. நிலமே உடுப்பும், தாய்மாமன் கட்டிய தலைப்பாகையும், இளவரசருக்குத் தைத்த குட்டைக் கோட்டும் அந்த எண்ணத்தில் ஒன்றுசேர்கின்றன. மேலே இருந்தவனின் உடுப்பைக் கல்யாண நாளில் எல்லோரும் அணியலாம் என்று சமூகம் ஒப்புக்கொள்கிறது.

தோட்டத்து மாப்பிள்ளைக்கு இந்த ஒப்புதல் கிடைக்க மற்றவர்களைவிட நீண்ட காலம் எடுத்தது. அதனால்தான் அவன் கோட் போடுவதை வெள்ளைக்காரப் பாவனை என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது நியாயம் அல்ல.

இன்றைய நடைமுறை இரண்டு உடுப்புகளுக்கு இடம் கொடுக்கிறது. கோயிலிலோ மண்டபத்திலோ முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, சட்டை, தலைப்பாகை. வரவேற்புக்குக் கோட் சூட். சிங்கள அயலிடமிருந்து வந்த ஹோம் கமிங் என்ற மாப்பிள்ளை வீட்டு விருந்து வேறு நாளில் நடந்தால் மூன்றாவது உடுப்பும் சேரும். கோட் பெண் வீட்டுச் செலவா, மாப்பிள்ளை வீட்டுச் செலவா என்பது பரிசம் போடும்போதே பேசி முடிக்கப்படும்.

கோட் எடுக்கப் போவது பெரும்பாலும் மாப்பிள்ளை, தாய்மாமன், ஒரு கூட்டாளி. இரத்தினபுரி, பலாங்கொடை, அவிசாவளை, கேகாலை நகரங்களில் வாடகைக் கடைகள் இருக்கின்றன. வசதி உள்ளவர்கள் கொழும்புக்குப் போவார்கள். 1949இல் அங்கே தொடங்கிய ஹமீதியா போன்ற நிறுவனங்கள் தைத்தும் கொடுக்கின்றன. "கையை முன்னால நீட்டுங்க தம்பி" என்பார் கடைக்காரர். முதுகில் துணி இழுத்தால் அளவு சிறிது. தோள் சரியாக உட்கார வேண்டும், ஏனென்றால் கையையும் இடுப்பையும் தையல்காரர் அன்றைக்கே திருத்திவிடுவார், தோளைத் திருத்த முடியாது. கோட்டின் கைக்கு வெளியே சட்டையின் ஓரம் சிறிது தெரிய வேண்டும். டக்சீடோ என்றால் காலரில் சாட்டின், காற்சட்டையின் பக்கவாட்டில் அதே சாட்டின் கோடு, நீண்ட டைக்குப் பதில் போ. காலர் கூராக மேல்நோக்கி இருந்தால் குட்டையானவரையும் உயரமாகக் காட்டும். வளைந்த காலர் மெலிந்த உடம்புக்கு அழகு. கோட்டின் மேல் மாலை விழும் என்பதால் பளபளப்புக் குறைந்த துணியைச் சிலர் கேட்பார்கள், பூச்சாறு பட்ட கறை வாடகைக் கோட்டில் தண்டப்பணம் ஆகும்.

வெயிலும் மழையும் இதில் பேசியாக வேண்டிய விஷயம். இரத்தினபுரி இலங்கையின் அதிக மழை பெறும் நகரங்களுள் ஒன்று. மழை விட்டதும் புழுக்கம் ஏறும். குளிர்நாட்டு இரவு விருந்துக்குப் பிறந்த உடுப்பை இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு அணிய வேண்டியிருக்கிறது. உள்துணி முழுமையாக வைக்காத மெல்லிய கோட்டைக் கடைக்காரர்கள் சிபாரிசு செய்வது அதனால்தான். தையும் மாசியும் மழை குறைந்த மாதங்கள் என்பதால் அந்த முகூர்த்தங்களில் மாப்பிள்ளைக்கு ஓரளவு நிம்மதி.

வாடகை ஏன் வென்றது என்பதற்குச் சம்பளமே பதில். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி துணி விலையையும் சாப்பாட்டு விலையையும் எங்கோ கொண்டுபோய்விட்டது. ஒரு நாளுக்காகத் தைத்து, ஈரம் ஊறும் லயத்து அறையில் பூஞ்சணம் பிடிக்க விடுவதைவிட, முற்பணம் கட்டி எடுத்து மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பது மேல் என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. டக்சீடோவை வாடகைக்கு எடுப்பது அமெரிக்காவிலும் பல மாப்பிள்ளைகளுக்குப் பழகிய வழக்கம்.

ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டியிருக்கிறது. 2023இல் மலையகம் 200 என்று, தம் மூதாதையர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டைக் குறித்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து தங்கள் வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டினார்கள். அந்த வரலாற்றின் சப்ரகமுவப் பகுதி குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கலவரத்தில் தப்பிய அல்பங்களை 2016இன் அரநாயக்க மண்சரிவும், 2017இன் இரத்தினபுரி வெள்ளமும், ஆண்டுதோறும் வரும் ஈரமும் கறையானும் விட்டுவைக்கவில்லை. இருப்பவற்றைக் கைத்தொலைபேசியிலாவது படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தின் பெயர், டிவிசன், ஆண்டு, ஸ்டூடியோ, மாப்பிள்ளை அணிந்திருக்கும் கோட் யாருடையது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், தோட்டப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்களும் இதைச் செய்யத் தகுந்தவர்கள். இரவல் கோட்டில் நின்றவர்களின் பெயர் தெரிந்த தாத்தாமாரும் பாட்டிமாரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த தை முகூர்த்தத்துக்கு உறவுகள் கூடும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.